மைனஸ் என்றால் கடனா?

(உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வெளியான பின், 2025 மே மாதம் கல்முனையில் பெற்றோரும் மாணவரும் கூடிய அவையில் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

மேடையில் இருக்கிற பெரியவர்களை ஒவ்வொருவராக விளித்து முடிக்கவே கால் மணி நேரம் போய்விடும். அவர்கள் என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் பேச வந்தது பின்வரிசையில், கதவுக்குப் பக்கத்தில், எப்போது நழுவலாம் என்று பார்த்துக்கொண்டிருக்கிற பிள்ளைகளோடு. உங்களில் முக்கால்வாசிப் பேரை உம்மாமார் இழுத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். வந்ததுதான் வந்துவிட்டீர்கள், கொஞ்ச நேரம் இருங்கள்.

ஏப்ரல் 26ஆம் திகதி பெறுபேறு வந்தது. இரண்டு நாள் கழித்து, மஃரிபுக்குப் பிறகு, எங்கள் தெருவில் இருக்கிற ஒரு தாய் என் வீட்டுக்கு வந்தார். கையில் கொமினிகேசனில் எடுத்த பிரிண்ட் ஒன்று. நான்காக மடித்து, வியர்வையில் மசிந்து போயிருந்தது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. வாசலில் நின்றபடியே கேட்டார்: "சேர், மகனுக்கு இதில மைனஸ் எண்டு போட்டிருக்கு. மைனஸ் எண்டா என்ன, கடனா? நாம ஏதும் திருப்பிக் கட்டணுமா?"

நான் சிரிக்கவில்லை. முப்பத்தைந்து வருடம் கணிதம் படிப்பித்தவன் நான். இந்த ஊரில் ஒரு தாய்க்கு இந்தக் கேள்வி வருகிறது என்றால் அதில் என் பங்கும் இருக்கிறது. தாளை வாங்கிப் பார்த்தேன். ஒரு சி, இரண்டு எஸ். மூன்று பாடமும் சித்தி. பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும் தகுதி அவனுக்கு உண்டு. ஆனால் இஸட் புள்ளிக்கு முன்னால் ஒரு சின்னக் கோடு. அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டு வாப்பா இரண்டு நாளாக மகனோடு பேசவில்லை. மகன் இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. உம்மா இரண்டு பேருக்கும் நடுவில் ஆக்கின சோற்றோடு நிற்கிறார். இவ்வளவும், வாசிக்கத் தெரியாத ஒரு எண்ணால்.

ஆகவே இன்று ஆறுதல் சொல்வதற்கு முன்னால் கொஞ்சம் கணிதம். பயப்பட வேண்டாம், கரும்பலகை இல்லை.

நம்முடைய கரையில் கரைவலை இழுக்கிறார்கள். ஒரு நாள் உங்கள் வலையில் பத்துக் கூடை கீரி மீன் படுகிறது. அது நல்ல பாடா, கெட்ட பாடா? கூடையை எண்ணி யாரும் சொல்ல மாட்டார்கள். மருதமுனையிலிருந்து நிந்தவூர் வரைக்கும் அன்று எல்லா வலையிலும் இருபது கூடை பட்டிருந்தால் உங்கள் பத்துக் கூடையை வாங்க ஆள் வராது. மற்ற வலையெல்லாம் வெறுமையாக வந்திருந்தால் அதே பத்துக் கூடைக்கு லொறிக்காரர்கள் அடிபடுவார்கள். கூடையின் எண்ணிக்கை நீங்கள் எடுத்த புள்ளி. விலைதான் இஸட் புள்ளி.

இன்னும் சரியாகச் சொல்கிறேன். பௌதிகவியலில் ஒரு பிள்ளை 55 எடுக்கிறது. அந்த வருடம் அந்தப் பாடம் எழுதிய எல்லோருடைய இடை, அதாவது சராசரி, 35; நியம விலகல், அதாவது புள்ளிகள் எவ்வளவு சிதறி நிற்கின்றன என்ற அளவு, 16 என்று வைத்துக்கொள்வோம். 55இலிருந்து 35ஐக் கழித்தால் 20. அதை 16ஆல் வகுத்தால் 1.25. இன்னொரு பாடத்தில் அதே பிள்ளை 75 எடுக்கிறது. ஆனால் தாள் இலகு. இடை 65, விலகல் 10. கழித்து வகுத்தால் 1 மட்டும். 75 எடுத்த பாடத்தைவிட 55 எடுத்த பாடம் கூடுதலாகத் தூக்கிவிட்டது. இப்படி மூன்று பாடத்துக்கும் கணக்குப் பார்த்து, கூட்டி, மூன்றால் வகுத்து, நான்கு தசமதானத்துக்குத் தருகிறார்கள். மந்திரம் ஒன்றும் இல்லை. ஓஎல் படித்த பிள்ளைக்குப் புரிகிற கணக்கு.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இடைக்கு மேலே நின்றால் ப்ளஸ், கீழே நின்றால் மைனஸ். எந்த வருடத்திலும் ஏறத்தாழப் பாதிப் பேர் இடைக்குக் கீழேதான் நிற்பார்கள். நாட்டிலுள்ள அத்தனை பிள்ளைகளும் இரவு பகலாகப் படித்து, ஒவ்வொருவரும் போன வருடத்தைவிட இருபது புள்ளி கூட எடுத்தாலும் மைனஸ்காரர்களின் தொகை குறையாது. இடையும் இருபது ஏறிவிடும். அந்தத் தாயின் மகன் மூன்று பாடத்தையும் சித்தியடைந்தவன். அந்தக் கோடு சொல்வது, வரிசையில் அவன் நடுவுக்குக் கொஞ்சம் பின்னால் நின்றான் என்பதை மட்டும். கடன் இல்லை உம்மா. யாருக்கும் ஒரு சதம் கட்டத் தேவையில்லை.

2024 உயர்தரப் பரீட்சைக்கு 2,74,361 பேர் தோற்றினார்கள். 1,77,588 பேர் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கத் தகுதி பெற்றார்கள். நூற்றுக்கு அறுபத்தைந்து கிட்ட. அரச பல்கலைக்கழகங்கள் எல்லாம் சேர்ந்து ஒரு வருடத்தில் எடுப்பது நாற்பதாயிரத்தைச் சற்றுத் தாண்டும். ஆகவே தகுதி பெற்ற நாலு பேரில் மூன்று பேருக்கு இடம் இல்லை. இவர்கள் பெயிலானவர்கள் அல்ல. அரசாங்கம் வெளியிட்ட கணக்கிலேயே "தகுதி பெற்றோர்" என்ற தலைப்பின் கீழ் இருக்கிறவர்கள். நம்முடைய தெருக்களில்தான் இவர்களுக்கு வேறு பெயர்.

மருத்துவத்துக்கு வருவோம். எல்லா வாப்பாமாரும் அதற்காகத்தான் காத்திருக்கிறீர்கள். நாடு முழுக்க மருத்துவத்துக்கு இரண்டாயிரம் இடம் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். அதில் நூற்றுக்கு நாற்பது அகில இலங்கைத் திறமை அடிப்படையில் போகும். ஐம்பத்தைந்து வீதம் மாவட்டங்களுக்குச் சனத்தொகைப்படி. மிச்சம் ஐந்து வீதம் கல்வியில் பின்தங்கிய பதினாறு மாவட்டங்களுக்கு. அம்பாறை அந்தப் பதினாறில் ஒன்று. 2012 குடிசன மதிப்பீட்டில் நம்முடைய மாவட்டத்தில் ஏறத்தாழ ஆறரை இலட்சம் பேர், நாட்டில் இரண்டு கோடியே மூன்று இலட்சத்துக்குக் கொஞ்சம் மேல். ஆக, நூற்றுக்கு மூன்று சொச்சம். ஆயிரத்து நூறில் அந்தப் பங்கு முப்பத்தைந்து. பின்தங்கிய மாவட்டப் பங்கையும் போட்டால் நாற்பதை ஒட்டி வரும். பொத்துவிலிலிருந்து பெரிய நீலாவணை வரைக்கும், அங்கால் உகணை, தெஹியத்தகண்டி எல்லாம் சேர்த்து, முழு அம்பாறைக்கும் நாற்பது கதிரை. நாற்பதாவது பிள்ளைக்கும் நாற்பத்தோராவது பிள்ளைக்கும் இடையில் சில வேளை மூன்றாம் நான்காம் தசமதானத்தில்தான் வித்தியாசம். ஒரு பல்தேர்வு வினாவில் பென்சில் எந்தப் பக்கம் சாய்ந்தது என்கிற அளவு. இவள் டொக்டர், அவள் "ஒண்டும் இல்லாமப் போன புள்ள" என்று அந்தத் தசமதானத்தை வைத்து நாம் பேசுகிறோம்.

இன்னொன்று. கொழும்பில் கதவு திறக்காத புள்ளிக்கு அம்பாறையில் திறப்பதுண்டு. அதை நினைத்து நம்முடைய பிள்ளைகள் கூச்சப்படவும் தேவையில்லை, கொழும்புப் பிள்ளை நம்மைப் பார்த்துக் கோபப்படுவதிலும் முழு நியாயம் இல்லை. ஆனால் இது வாசலைத் தீர்மானிக்கிற கணக்கு. ஆளைத் தீர்மானிக்கிற கணக்கு என்றால், ஒரே பிள்ளை கொழும்பில் பிறந்தால் முட்டாள், அக்கரைப்பற்றில் பிறந்தால் கெட்டிக்காரன் என்றாகிவிடும் அல்லவா?

வாசல் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. 1971 சேர்க்கையில் மருத்துவத்துக்குச் சிங்கள மொழி மூலப் பிள்ளைக்கு 229 புள்ளி போதும், தமிழ் மொழி மூலப் பிள்ளைக்கு 250 வேண்டும். முஸ்லிம் பிள்ளையும் தமிழ் மூலம்தான். 1974இல் மாவட்டக் கோட்டா வந்தது. யாழ்ப்பாணத்துக்கு இறுக்கமாக மூடிய கதவு நம்மைப் போன்ற மாவட்டங்களுக்குக் கொஞ்சம் திறந்தது. அதைச் சொல்லாமல் விடுவது நேர்மை இல்லை. 2000இல் நான்கு பாடம் மூன்றானது. 2001இல் பேராதனைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் தட்டில் முன்வைத்த இஸட் புள்ளி முறை வந்தது. பிறகு 2011. அந்த வருடம் பழைய பாடத்திட்டம், புதிய பாடத்திட்டம் என்று இரண்டு கூட்டம் எழுதியது. இரண்டு கடலில் இழுத்த மீனை ஒரு கூடையில் கொட்டி விலை சொன்னார்கள். வழக்குப் போனது. 2012 ஜூன் மாதம் உயர் நீதிமன்றம் அந்த இஸட் புள்ளிகளை இரத்துச் செய்து, இரண்டு கூட்டத்துக்கும் தனித்தனியே கணக்குப் பார்க்கச் சொன்னது. ஆறு மாதமாக அந்த எண்ணை நம்பி அழுத பிள்ளைகள் உண்டு, கந்தூரி கொடுத்த வீடுகளும் உண்டு. எண் மாறியது. பிள்ளை மாறவில்லை.

நான் இந்த முறைக்கு எதிரி இல்லை. நாற்பதாயிரம் கதிரைக்கு ஒன்றே முக்கால் இலட்சம் பேர் நின்றால் ஏதோ ஒரு முறையில் வரிசைப்படுத்தத்தான் வேண்டும். கண்டவனுக்குக் கொடுப்பதைவிட இது மேல். எனக்குச் சண்டை, வரிசையில் நின்ற இடத்தை ஆளின் எடையாக மாற்றுகிற நம்முடைய பழக்கத்தோடு.

போன நவம்பரை நினைத்துப் பாருங்கள். 25ஆம் திகதி பரீட்சை தொடங்கியது. 26ஆம் திகதி மாவடிப்பள்ளியில் உழவு இயந்திரத்தோடு மத்ரஸாப் பிள்ளைகளை வெள்ளம் கொண்டுபோனது. இந்த அவையில் அந்த ஜனாஸாக்களுக்குப் போனவர்கள் இருக்கிறீர்கள். 27ஆம் திகதி பரீட்சையை நிறுத்தினார்கள். டிசம்பர் 4ஆம் திகதி மீண்டும் தொடங்கியது. வீட்டுக்குள் தண்ணீர், கட்டிலுக்கு மேல் புத்தகம், மின்சாரம் இல்லை, தெரிந்த வீட்டில் மௌத்து. அந்தக் கிழமையைக் கடந்து வந்து பேனை பிடித்த பிள்ளைகள் நீங்கள். இஸட் புள்ளியின் நான்கு தசமதானத்துக்குள் அந்தக் கிழமை எங்கே இருக்கிறது என்று தேடிப் பாருங்கள்.

இனிக் கணிதம் போதும். வீட்டுக்குள் வருவோம்.

பெறுபேறு வந்து மூன்றாம் நாள் பிரதான வீதியில் பெனர்கள் ஏறின. பள்ளிக்கூடத்தின் பெனர், ரியூசன் வகுப்பின் பெனர், விளையாட்டுக் கழகத்தின் பெனர், அரசியல்வாதியின் பெனர். கடைசியில் சொன்னதில் பிள்ளையின் படத்தைவிட அவருடைய படம் பெரிது. வென்ற பிள்ளையைக் கொண்டாட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பன்னிரண்டு பதின்மூன்று வருட உழைப்பு அது. ஆனால் அதே வகுப்பில் இருந்த மற்ற முப்பது பேரும் பள்ளிவாசலுக்குப் போவதற்கும் கடைக்குப் போவதற்கும் அந்தப் பெனருக்குக் கீழால்தான் நடக்க வேண்டும். மழை வெயிலில் அது கிழியும் வரைக்கும் மூன்று மாதம். எங்கள் காலத்தில் தெரிவானவர்களின் பட்டியல் பள்ளிக்கூடப் பலகையில் ஒரு நாள் ஒட்டியிருக்கும், அவ்வளவுதான்.

எங்கள் காலத்தைப் பற்றிச் சொன்னால் என் கதையும் சொல்ல வேண்டும். 1976இல் நான் முதல்தரம் எழுதினேன். பொறியியல் என்று ஆசை. மாவட்டக் கோட்டா திறந்துவிட்ட கதவாலும் என்னால் நுழைய முடியவில்லை. பெறுபேறு பார்த்துவிட்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன், ஏறி மிதிக்கக் காலில் பலம் இல்லை. வாப்பா திண்ணையில் இருந்தார். முகத்தைப் பார்த்து விளங்கிக்கொண்டார். "சோத்தத் தின்னு மனெ. நாளைக்குக் கரைவாகு வட்டையில வேலை இருக்கு" என்றார். அவ்வளவுதான். அவர் எழுத வாசிக்கத் தெரியாத மனிதர். மறுநாள் இரண்டு பேரும் வரம்பு கட்டினோம். பரீட்சையைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. நாலைந்து நாள் கழித்து, வாய்க்காலில் கால் கழுவுகிறபோது, "இன்னொருக்கா எழுதுறியா, வேற ஏதும் யோசனையா?" என்று கேட்டார். அந்த நாலைந்து நாளின் அருமை எனக்கு இப்போதுதான் விளங்குகிறது. இரண்டாந்தரமும் எழுதினேன், அதிலும் கிடைக்கவில்லை. ஆசிரியர் நியமனம் வந்தது, அட்டாளைச்சேனையில் பயிற்சி, பிறகு வாழ்க்கை முழுக்கக் கணிதம். பொறியியலாளன் ஆகியிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்குமா? இருந்திருக்கலாம். அந்தக் கவலை முழுதாகப் போய்விட்டது என்று சொன்னால் பொய். பாலம் கட்டுகிற இடத்தைக் கண்டால் இப்போதும் நின்று பார்ப்பேன்.

அப்படிப்பட்ட வாப்பாவுக்குப் பிறந்தவன் நான் என்ன செய்தேன் என்பதையும் கேளுங்கள். தொண்ணூறுகளில் ஒரு வருடம், உயர்தரப் பெறுபேறு வந்த அன்று, நான் கையில் தாளை வைத்துக்கொண்டு, கூடியிருந்த பிள்ளைகள் முன்னால் மேலிருந்து கீழாகப் பெயர் பெயராக வாசித்தேன். கெட்ட எண்ணத்தில் இல்லை. எல்லோருக்கும் ஒரேயடியாகத் தெரியட்டும் என்று. கடைசிப் பெயர் ஒரு பையனுடையது. நான்கு எஃப். நான் வாசித்துவிட்டு, நகைச்சுவை என்று நினைத்து, ஒரு சொல்லும் சொன்னேன். அந்தச் சொல்லை இங்கே திரும்பச் சொல்ல மாட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான்.

அவன் பிறகு கட்டாருக்குப் போனான், வந்தான், குளிரூட்டி திருத்துகிற வேலை செய்கிறான். நல்ல தொழிலாளி என்று சொல்கிறார்கள். "பார்த்தீர்களா, பெயிலானவன் முன்னுக்கு வந்துவிட்டான்" என்று முடிக்கிற கதை இல்லை இது. என்னைக் கண்டால் இன்றைக்கும் அவன் வீதியின் மறுபக்கம் மாறிப் போகிறான். வயது ஐம்பதைத் தொடுகிறது. மாறிப் போகிறான். ஒரு தடவை நான் குறுக்கே போய் ஸலாம் சொன்னேன். பதில் சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

ஆகவே வாப்பாமாரே, உம்மாமாரே, மாமி சாச்சிமாரே, முதல் பத்து நாள் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். "பக்கத்து வீட்டுப் புள்ள எடுத்திருக்கே" என்பது வேண்டாம். "எவ்வளவு காசு கொட்டினேன்" என்பது வேண்டாம். அந்தக் காசுக் கணக்கு பிள்ளைக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும், உம்மாவின் காப்பு எப்போது வங்கிக்குப் போனது என்பது உட்பட. "நஸீபு இல்லை" என்று முதல் நாளே சொல்வதையும் கொஞ்சம் யோசியுங்கள். விதியை நம்புகிறவன்தான் நானும். மௌலவிமார் இருக்கிற அவையில் அதற்கு மேல் பேச எனக்குத் தகுதி இல்லை. ஆனால் அழுதுகொண்டிருக்கிற பிள்ளைக்கு நாம் அதைச் சொல்வது பல நேரம் ஆறுதலுக்காக இல்லை. பேச்சை அத்தோடு முடித்துக்கொள்வதற்காகத்தான்.

பிள்ளை சில நாள் அழுவதும் அறையைப் பூட்டிக்கொள்வதும் இயல்பு. கிழமைக்கணக்கில் தூக்கம் இல்லை, சாப்பாடு இல்லை, கூட்டாளிகளோடு பேச்சு இல்லை, "நான் இல்லாவிட்டால் உங்களுக்கு நிம்மதி" என்ற மாதிரிச் சொல் வருகிறது என்றால் அதை மிரட்டல் என்று தள்ளிவிடாதீர்கள். பக்கத்தில் இருங்கள், தனியே விடாதீர்கள், நேரடியாகக் கேளுங்கள். 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைக்கலாம், தேசிய மனநல உதவிச் சேவை அது. வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குக் கூட்டிப்போவதை ஊர் என்ன சொல்லும் என்று யோசிக்கிறவர்கள், காய்ச்சலுக்குப் போகும்போது ஊரைக் கேட்டா போகிறோம்?

இப்போது அடுத்த கேள்வி. இன்னொருக்கா எழுதுவதா?

ஃபர்ஸ்ட் ஷை, செகண்ட் ஷை, தேர்ட் ஷை என்கிறோம். மூன்று தரம் எழுதலாம். யப்பானில் பல்கலைக்கழகம் கிடைக்காமல் இன்னொரு வருடம் படிக்கிற பிள்ளைக்கு "ரோனின்" என்று பெயர். எஜமான் இல்லாத போர்வீரனுக்கு அந்த நாட்டில் வழங்கிய பழைய சொல். பெயரில் ஒரு மிடுக்கு இருக்கிறது. நம்முடைய "ஷை"யில் அது இல்லை.

செகண்ட் ஷை எழுதுவது என்பதை வீட்டுக் கூட்டத்தில் தீர்மானிக்கக் கூடாது, தாளைப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும். அடுத்த பரீட்சை இந்த நவம்பரில். ஏழு மாதம்கூட இல்லை. எந்தப் பாடம் இழுத்து விழுத்தியது? பல்தேர்விலா, கட்டுரையிலா? அலகு விளங்கவில்லையா, நேரம் போதவில்லையா? பத்து நாள் ஓய்வுக்குப் பிறகு ஒரு பழைய வினாத்தாளை எடுத்து, கதவைச் சாத்தி, மூன்று மணி நேரம் வைத்து, ஒருவரிடமும் கேட்காமல் எழுதிப் பாருங்கள். யாரும் பார்க்கத் தேவையில்லை. நேரம் போதாததால் புள்ளி போனது என்றால் ஏழு மாதம் தாராளம். பாடமே பிடிக்கவில்லை, வாப்பாவுக்காக பயோ எடுத்தேன் என்றால் ஏழு வருடமும் போதாது. அந்த வித்தியாசத்தைத் தாள் சொல்லிவிடும். ரியூசன்காரர் சொல்ல மாட்டார், அவருக்கு நீங்கள் மாதக் கட்டணம்.

இங்கே ஒரு சங்கதியை நான் சொல்லியே ஆக வேண்டும், சிலர் முகம் சுளித்தாலும். நம்முடைய வீடுகளில் மூன்று ஷையும் ஆண் பிள்ளைக்குத்தான். பெண் பிள்ளைக்கு ஒன்று. அது சரியாக வரவில்லை என்றால் "வயசு போகுது" என்கிறோம், கலியாணப் பேச்சைத் தொடங்குகிறோம். நான் படிப்பித்த காலத்தில் வகுப்பில் முதல் ஐந்து பேரில் மூன்று பேராவது பெண் பிள்ளைகள். இரண்டாந்தரம் எழுத வந்தவர்களை எண்ணினால் ஆண்கள். நடுவில் அந்தப் பிள்ளைகள் எங்கே போனார்கள்? மகளுக்கு வீடு கட்டிக் கொடுப்பதற்காகப் பதினைந்து வருடம் சவூதியில் நிற்கிற வாப்பா, மகளுக்கு ஏழு மாதம் கொடுக்க யோசிக்கிறார். மறுபக்கம், டொக்டர் மாப்பிள்ளை, எஞ்சினியர் மாப்பிள்ளை என்று சீதனத்துக்கு விலைப்பட்டியல் வைத்திருக்கிறோம். பெறுபேற்றுத் தாளில் நம்முடைய ஆண் பிள்ளைகள் தேடுவது படிப்பை மட்டும்தானா என்று அவர்களும் ஒரு தரம் நெஞ்சில் கை வைத்துப் பார்க்கலாம்.

இத்தனைக்கும் காரணமான கெம்பஸ், அதாவது பல்கலைக்கழகம், என்ற சொல் நம்முடைய வீடுகளுக்குள் எப்போது வந்தது? 1942இல் ஏ. எம். ஏ. அஸீஸ் உதவி அரசாங்க அதிபராகக் கல்முனைக்கு வந்தார். சிவில் சேவையில் சேர்ந்த முதல் முஸ்லிம் அவர். வந்தது யுத்தகால உணவு உற்பத்தியைக் கவனிக்க. வந்த இடத்தில் பிள்ளைகளின் படிப்பைப் பார்த்தார். கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கத்தைத் தொடங்கினார். காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகளோடு அவருக்கு நல்ல பழக்கம். 1945இல் இலங்கை முஸ்லிம் புலமைப்பரிசில் நிதியை ஏற்படுத்தினார். பட்டதாரி ஒருவரைக் காண்பதே அரிதாக இருந்த கரை இது. அதற்கு அரை நூற்றாண்டுக்குப் பிறகுதான், யுத்தத்தால் வந்தாறுமூலையில், கிழக்குப் பல்கலைக்கழகத்தில், படிப்பைத் தொடர முடியாமல் போன பிள்ளைகளுக்காக, அப்போது அமைச்சராக இருந்த எம். எச். எம். அஷ்ரப் முன்னின்று, 1995இல் அட்டாளைச்சேனையில் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியது. அடுத்த வருடம் அது தென்கிழக்குப் பல்கலைக்கழகம் ஆனது. ஒலுவிலில் இன்று நாம் பார்க்கிற கட்டடங்கள் எல்லாம் அதற்குப் பிறகு. பல்கலைக்கழகம் வாசலுக்கு வந்து முப்பது வருடம்தான். அதற்குள், அங்கே போகாதவன் ஆளே இல்லை என்று பேசத் தொடங்கிவிட்டோம். போனவர்களின் கதையும் தெரியும்தானே. 2017இல் இந்த மாவட்டத்துப் பட்டதாரிகள் வேலை கேட்டுக் காரைதீவில் நாள்கணக்கில் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். பட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு.

வேறு வழிகள் என்னென்ன என்று கேட்பீர்கள். கைநூலைத் திறவுங்கள். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வெளியிடுகிற மாணவர் கைநூலை நம்முடைய பிள்ளைகள் மருத்துவம், பல் மருத்துவம், பொறியியல் என்று மூன்று பக்கம் புரட்டிவிட்டு மூடிவிடுகிறார்கள். யூனானி இருக்கிறது, திருகோணமலையில் சித்த மருத்துவம் இருக்கிறது, விவசாயம், தாதியியல், கதிர்ப்படவியல் என்று நீளமான பட்டியல். விருப்பத் தெரிவுகளை எந்த வரிசையில் எழுதுகிறோம் என்பதால் மட்டும் இடம் இழந்த பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன். அட்டாளைச்சேனையில் கல்வியியற் கல்லூரி, சம்மாந்துறையில் எச்என்டி என்கிற உயர் தேசிய டிப்ளோமா, தொழில்நுட்பக் கல்லூரி எல்லாம் பஸ்ஸில் போய் வருகிற தூரம். இவற்றை "கிடைக்காதவன் போகிற இடம்" என்று பிள்ளைக்கு அறிமுகப்படுத்தினால் அவன் போன முதல் நாளே மனத்தால் விலகிவிடுவான். குளிரூட்டி திருத்துகிறவன் வர மூன்று நாள் எடுக்கிறான் என்று போன கிழமை என்னிடம் குறைப்பட்டவர் ஒரு பட்டதாரி வாப்பா. அந்தத் தொழிலை மகன் படிக்கட்டும் என்று அவர் சொல்வாரா? சொல்ல மாட்டார்.

நேரம் போய்விட்டது. இஷாவுக்குப் பாங்கு சொல்லப் போகிறார்கள்.

அந்தத் தாயின் மகன் இங்கே வந்திருக்கிறான். எங்கே இருக்கிறான் என்று நான் பார்க்க மாட்டேன், நீங்களும் திரும்பிப் பார்க்க வேண்டாம். சனிக்கிழமை காலை ஒன்பது மணியிலிருந்து என் வீட்டு முன் அறை திறந்திருக்கும். பெறுபேற்றுத் தாளையும் கைநூலையும் ஒரு பென்சிலையும் கொண்டு வாருங்கள். ஒவ்வொருவராகக் கணக்குப் பார்ப்போம், சத்தமாக வாசிக்க மாட்டேன். பெண் பிள்ளைகளோடு உம்மாமார் வரலாம். வாப்பாமார் வெளியில் மாமரத்துக்குக் கீழே இருக்கட்டும், பிளேன்டீ அனுப்புகிறேன்.